நிற்கிற காரில் பேட்டரி இறங்குகிறதா? கரண்ட் எங்கே போகிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பல வீடுகளில் கார் ஓடுகிற நாளைவிட நிற்கிற நாள்தான் அதிகம். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருப்பார்கள், இல்லையென்றால் சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பார்கள். கல்யாணம், படைப்பு, கும்பாபிஷேகம் என்று ஊருக்கு வந்து கொட்டகையைத் திறந்து சாவியைத் திருப்பினால், ‘டிக் டிக்’ என்று சத்தம் மட்டும் வரும், செல்ஃப் எடுக்காது. வந்து பார்ப்பவர் “பேட்டரி போயிருச்சுண்ணே, மாத்திருங்க” என்பார். மாற்றுவோம். அடுத்த முறை வந்தால் புதுப் பேட்டரியும் அப்படியே கிடக்கும்.

பேட்டரி கெட்டுப்போனது உண்மையாகவே இருக்கலாம். அதைக் கெடுத்தது எது என்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. சாவியை எடுத்த பிறகும் காருக்குள் ஏதோ ஒன்று கரண்டை இழுத்துக்கொண்டே இருந்தால் எத்தனை பேட்டரி மாற்றினாலும் பணம்தான் போகும். அதைப் பிடிக்கச் சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்றும், அவசரமில்லாத ஒரு பிற்பகலும் போதும். இதுவரை மீட்டரைக் கையில் பிடிக்காதவர்களை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியோடு வரும் பெட்ரோல், டீசல் கார்களுக்கு. ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறத்தில் தடித்த கேபிள்கள் இருக்கும். அவற்றில் ஓடுவது ஆளைக் கொல்லும் வோல்டேஜ். அந்த வண்டிகளில் கை வைக்க வேண்டாம்.

முதலில் ஒரு கணக்கு

எந்த நவீனக் காரும் பூட்டி நிற்கும்போது கொஞ்சம் கரண்ட் எடுக்கத்தான் செய்யும். கடிகாரம், ரிமோட் லாக், அலாரம், இன்ஜின் கம்ப்யூட்டரின் நினைவகம் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். 20 முதல் 50 மில்லி ஆம்ப் (ஓர் ஆம்பில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மில்லி ஆம்ப்) வரை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை.

சின்னப் பெட்ரோல் கார்களில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி, அதாவது ஏறக்குறைய ஓர் ஆம்ப் வீதம் 35 மணி நேரம் கொடுக்கும் பேட்டரி, சாதாரணம். 30 மில்லி ஆம்ப் என்றால் ஒரு நாளுக்கு 0.72 ஆம்பியர்-மணி, முப்பது நாளில் 21.6 ஆகிவிடும். அதாவது எந்தக் கோளாறும் இல்லாத கார்கூட ஒரு மாதத்துக்கு மேல் தொடாமல் நின்றால் செல்ஃப் எடுக்கத் திணறும். இத்துடன் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் பேட்டரி, வயரையே கழற்றி வைத்திருந்தாலும், தானாகவே வேகமாக இறங்கும்.

ஆகவே உங்கள் கார் இரண்டு மாதம் நின்ற பிறகு செத்துக் கிடந்தால் அது கரண்ட் கசிவே அல்ல, நின்றதன் விளைவு. ஒரு வாரத்திலோ, மூன்று நாளிலோ, ஒரே இரவிலோ இறங்கினால்தான் தேடலில் இறங்க வேண்டும். டிக்கிக்குள் எரிந்துகொண்டே இருக்கும் 5 வாட் பல்பு ஒன்று ஏறக்குறைய 0.4 ஆம்ப் எடுக்கும். ஒரு நாளுக்குப் பத்து ஆம்பியர்-மணி. மூன்று நாளில் பேட்டரி காலி.

பேட்டரி நல்லதா என்று தெரிந்துகொள்ளுங்கள்

மீட்டரில் கறுப்பு வயரை ‘காம்’ துளையிலும், சிவப்பு வயரை ‘வி’ என்று போட்ட துளையிலும் செருகி, டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். கார் சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியின் இரண்டு டெர்மினலிலும் வைத்துப் பாருங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.7 வரை காட்ட வேண்டும். அப்படிக் காட்டவில்லையென்றால் டைனமோ (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர்) சார்ஜ் ஏற்றவில்லை. நீங்கள் தேட வேண்டியது கசிவை அல்ல.

அடுத்தது எல்லோராலும் செய்ய முடிந்த சோதனை. பேட்டரியைச் சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும், அதனால் கொட்டகைக் கதவைத் திறந்து வையுங்கள். பீடி, சிகரெட், விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம். அப்புறம் 10 நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவ் டெர்மினலை மட்டும் கழற்றி ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, சில மணி நேரம் ஆறவிட்டு அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். வயர் எதுவும் இல்லாமலேயே 12.6 என்பது 12.2-க்கு இறங்கியிருந்தால் பேட்டரிக்குள்ளேயே ஒரு செல் போயிருக்கிறது. மாற்றித்தான் ஆக வேண்டும். தனியாக இருக்கும்போது இறங்காமல், காரில் மாட்டினால் மட்டும் இறங்கினால் குற்றவாளி காருக்குள் இருக்கிறது.

டெர்மினலைக் கழற்றும் முன் ஒரு கண்ணாடியை இறக்கி வையுங்கள், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது சில கார்கள் தாமாகவே பூட்டிக்கொள்ளும். சில ஸ்டீரியோக்கள் ரகசிய எண் கேட்கும், அதையும் முன்னாலேயே எடுத்து வையுங்கள். கழற்றும்போது எப்போதும் நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மோதிரம், காப்பு, கைச்சங்கிலி இருந்தால் கழற்றிவிடுங்கள். பாசிட்டிவையும் பாடியையும் ஒரு காப்பு தொட்டால் அது நொடியில் பழுத்துவிடும்.

பேட்டரியை வெளியே எடுத்துத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று இன்னமும் சிலர் சொல்வார்கள். இப்போது வரும் பிளாஸ்டிக் பெட்டிகளில் அது நடக்காது. ஆனால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வைக்காதீர்கள். அது சிமென்ட்டில் செய்த கல். ஒரு சொட்டு ஆசிட் விழுந்தாலும் பூவேலை அரித்துப்போகும். ஒரு பலகை மேல் வையுங்கள்.

மீட்டருக்கு முன்னால் கண்

பாதிக் கசிவுகளை மீட்டர் இல்லாமலே பிடித்துவிடலாம். இருட்டின பிறகு காரைப் பூட்டிவிட்டுச் சுற்றி வாருங்கள். பின்னால் பிரேக் லைட் எரிகிறதா? பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்சை அழுத்திப் பிடிக்கச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் அல்லது ரப்பர் துண்டு இருக்கும். அது காய்ந்து உடைந்தால் பெடலை மிதிக்காமலேயே லைட் எரியும். நம் ஊர் வெப்பத்தில் அது எளிதில் பொடிந்துபோகும். டிக்கி லைட்டையும் டேஷ்போர்டுப் பெட்டி லைட்டையும் பார்க்க, போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடி, எடுத்துப் பாருங்கள்.

அடுத்து, கம்பெனி கொடுக்காமல் பிறகு மாட்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, டேஷ் கேமரா, ஜி.பி.எஸ். கருவி, ரிவர்ஸ் கேமரா, ஃபாக் லைட், பெரிய ஹாரன், ரிமோட் லாக், சாக்கெட்டிலேயே கிடக்கும் போன் சார்ஜர், ஸ்டீயரிங்குக்குக் கீழே டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் செருகிய சின்னக் கருவி. கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேகைச் சேர்க்க வேண்டாம். அதற்கும் பேட்டரிக்கும் தொடர்பே இல்லை. என் கணிப்பில் பாதிக்கும் மேற்பட்ட வழக்குகள் இந்தப் பட்டியலுக்குள்ளேயே முடிந்துவிடும். பார்க்கிங் மோடில் விழித்திருக்கும் டேஷ் கேமரா சில நூறு மில்லி ஆம்ப் எடுக்கும். 300 என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 7.2 ஆம்பியர்-மணி, இரண்டரை நாளில் சின்னப் பேட்டரி பாதியாகிவிடும்.

ஸ்டீரியோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் பின்னால் மஞ்சள் வயர் எப்போதும் கரண்ட் வரும் லைன், சிவப்பு வயர் சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் லைன். சாவி லைனைத் தேடச் சோம்பல்பட்டு இரண்டையும் சேர்த்து முறுக்கி மஞ்சளிலேயே கட்டிவிடுவது ஊர் ஊராக நடக்கிறது. பாட்டு பாடும், எல்லாம் நன்றாக இருக்கும், ஆனால் செட் தூங்கவே தூங்காது. சாவியை எடுத்த பிறகும் ஸ்டீரியோ பட்டனுக்கு வேலை செய்தால் முதல் சந்தேகம் இங்கேதான்.

பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் எலியையும் பாருங்கள். இன்ஜின் மேல் புழுக்கை, வைக்கோல், கடித்த துணி இருந்தால் வயர்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பாருங்கள். உறை போன வயர் பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

பேட்டரியின் முதுகையும் மறக்க வேண்டாம். செம்மண் புழுதியும் ஆசிட் ஆவியும் கலந்து படிந்தால் அதன் வழியாகவே கரண்ட் ஓடும். மீட்டரை வோல்ட்டில் வைத்து, கறுப்பை நெகட்டிவ் டெர்மினலில் பிடித்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் மேல்பரப்பில் இழுத்துப் பாருங்கள். எண் ஏறினால் அழுக்கு கரண்ட் கடத்துகிறது. ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு கரண்டி ஆப்ப சோடா கலந்து, துணியில் நனைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவிடுங்கள். மூடி ஓட்டை வழியாக உள்ளே போய்விடக் கூடாது.

கசிவை அளப்பது

இப்போதுதான் உண்மையான வேலை. இங்கே பொறுமை இல்லாவிட்டால் மீட்டர் தவறான எண்ணையே காட்டும்.

பானெட்டைத் திறந்து வையுங்கள். ஃபியூஸ் பாக்ஸ் டேஷ்போர்டுக்குக் கீழே இருந்தால் ஓட்டுநர் கதவையும் திறந்து வைத்து, கதவு லாக்கின் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். கதவு மூடியிருக்கிறது என்று கார் நினைக்க வேண்டும். (வேலை முடிந்து கதவைச் சாத்தும் முன் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவிக்க மறக்காதீர்கள்.) பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் சாவியைப் பத்தடிக்கும் மேலே தள்ளி, வீட்டுக்குள் வையுங்கள்.

இரண்டு முனையிலும் முதலைக் கிளிப் போட்ட கொஞ்சம் தடிமனான வயர் ஒன்று வேண்டும். ஒரு கிளிப்பைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மாட்டுங்கள், இன்னொன்றை அதில் பூட்டியிருக்கும் கேபிளின் கிளாம்ப்பில். அப்புறம் கிளாம்ப்பைத் தளர்த்தித் தூக்கி எடுங்கள். கிளிப் வயர் வழியாகக் கரண்ட் தொடர்ந்து ஓடுவதால் கார் எதையும் உணராது. இந்த வயர் இல்லாமல் கிளாம்ப்பைக் கழற்றி மாட்டினால் காரின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் விழித்துக்கொள்ளும், நீங்கள் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

மீட்டரில் சிவப்பு வயரை 10 ஆம்ப் துளைக்கு மாற்றுங்கள். திருகு குமிழை டி.சி. ஆம்பியருக்குக் கொண்டுபோங்கள். சிவப்பு முனை கழற்றிய கிளாம்ப்பில், கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில். இரண்டையும் கிளிப்பாலேயே பிடிக்க வையுங்கள். மில்லி ஆம்ப் துளையில் தொடங்காதீர்கள். யாராவது ஒரு கதவைத் திறந்தாலே உள்ளே இருக்கும் சின்ன ஃபியூஸ் போய்விடும்.

காரைப் பூட்டுங்கள். இனிக் காத்திருங்கள். பூட்டியவுடன் கார் தூங்கிவிடுவதில்லை. முதலில் சில ஆம்ப் வரைகூட எடுக்கும், பிறகு படிப்படியாகக் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக அணையும். அரை மணி, முக்கால் மணி ஆகும். சில கார்களுக்கு ஒரு மணி நேரமும் ஆகும். புதிதாகச் செய்கிறவர்கள் ஐந்தாவது நிமிடத்தில் ‘அரை ஆம்ப் போகுது’ என்று பதறி, நல்ல பாகங்களைக் கழற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். பிள்ளைகள் காரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் ஆனதும் கிளிப் வயரை மட்டும் எடுங்கள். இப்போது முழுக் கரண்டும் மீட்டர் வழியாகவே போகிறது. 0.03 என்று காட்டினால் 30 மில்லி ஆம்ப். 0.05 வரை சரி. 0.1-க்கு மேல் நிலையாக நின்றால் கசிவு இருக்கிறது. இடையில் கதவைத் திறக்க வேண்டியிருந்தால் முதலில் கிளிப் வயரை மாட்டிவிடுங்கள். மீட்டர் இந்த நிலையில் இருக்கும்போது செல்ஃப் அடிக்கவே கூடாது. வேலை முடிந்ததும் சிவப்பு வயரை உடனே ‘வி’ துளைக்கு மாற்றிவிடுங்கள். 10 ஆம்ப் துளையிலேயே விட்டுவிட்டு அப்புறம் வோல்ட் பார்க்கிறேன் என்று பேட்டரியில் வைத்தால் அது நேர் ஷார்ட். பொறி பறக்கும், மீட்டரும் போகும்.

ஃபியூஸ் ஃபியூஸாகத் தேடுவது

கசிவு உண்டு என்று உறுதியானதும், அது எந்த ஃபியூஸ் வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது பழைய வழி. கம்ப்யூட்டர் குறைந்த பழைய கார்களுக்கு அது இன்றும் நல்ல வழிதான். புதிய கார்களில் பிடுங்கித் திரும்பச் செருகினாலே தூங்கிய பாகம் எழுந்துவிடும். அதனால் பிடுங்காமல் பார்ப்பதை நான் விரும்புகிறேன்.

கிளிப் வயரைத் திரும்ப மாட்டி, மீட்டரைக் கழற்றி, சிவப்பை ‘வி’ துளையில் போட்டு, டி.சி. 200 மில்லிவோல்ட்டில் வையுங்கள். ஃபியூஸின் முதுகில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். இரண்டு முனைகளையும் அவற்றில் தொடுங்கள். சுழியம் என்றால் அதில் கரண்ட் ஓடவில்லை. எண் காட்டினால் ஓடுகிறது. சிவப்பு நிற 10 ஆம்ப் ஃபியூஸில் முக்கால் மில்லிவோல்ட் என்றால் ஏறக்குறைய 100 மில்லி ஆம்ப். ஃபியூஸ் பெரிதாக ஆக எண் சிறிதாகும். பச்சை நிற 30 ஆம்ப் ஃபியூஸில் சிறிய கசிவு மலிவு மீட்டருக்குத் தெரியவே தெரியாது. அப்படிப்பட்டவற்றை மட்டும், மீட்டரைத் திரும்ப ஆம்பில் போட்டு, கடைசியில் பிடுங்கிப் பாருங்கள். பிடுங்கும் முன் ஃபியூஸ் பாக்ஸைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிடுங்கியதைத் திரும்பச் செருகாமல் ஓரமாக வைத்துக்கொண்டே போங்கள். ஏர்பேக் ஃபியூஸையும், மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் வயர்களையும் விட்டுவிடுங்கள்.

ஃபியூஸ் பாக்ஸ் இரண்டு இருக்கும், பானெட்டுக்குள் ஒன்று, டேஷ்போர்டுக்குக் கீழே ஒன்று. இரண்டையும் பாருங்கள். கரண்ட் ஓடும் ஃபியூஸ் கிடைத்ததும் மூடியின் உட்புறத்திலோ கையேட்டிலோ அது எதற்கெல்லாம் போகிறது என்று படியுங்கள். ரூம் லைட் ஃபியூஸ் என்றால் பல கார்களில் அதிலேயே ஸ்டீரியோவின் மஞ்சள் லைனும் இருக்கும். மீட்டரை முன்போல ஆம்பில் மாட்டி, அந்த வழியில் இருப்பதை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்; எதை எடுத்தால் ஆம்ப் சட்டென்று 0.03-க்கு விழுகிறதோ அதுதான். ரிலேக்களையும் (ஃபியூஸ் பாக்ஸில் இருக்கும், கரண்டால் இயங்கும் சின்னச் சுவிட்ச் பெட்டிகள்) விரலால் தொடுங்கள். ஒரு மணி நேரம் நின்ற காரில் ஒரு ரிலே மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எந்த ஃபியூஸிலும் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் மொத்தக் கசிவு மட்டும் இருக்கிறது என்றால் டைனமோவைச் சந்தேகியுங்கள். அதற்குள் இருக்கும் டயோடு கெட்டால் பேட்டரியிலிருந்து கரண்ட் திரும்பி ஓடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, டைனமோவின் தடித்த வயரை எடுத்து, டேப் சுற்றி ஒதுக்கி, மறுபடி அளந்து பாருங்கள். எண் விழுந்தால் டைனமோவைக் கழற்றி ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோகலாம். இது போகப் பேட்டரி பாசிட்டிவிலேயே நேராகக் கட்டிய ஹாரன், ஃபாக் லைட் வயர்களும் ஃபியூஸ் பாக்ஸுக்குள் வராது. பாசிட்டிவ் டெர்மினலில் எத்தனை வயர் இருக்கிறது என்று எண்ணி, ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று தொடர்ந்து போங்கள்.

எண் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் பேட்டரி இறங்குகிறது என்றால் ஏதோ ஒன்று இடையிடையே விழிக்கிறது. அதிகபட்சத்தைப் பிடித்து வைக்கும் மீட்டரைக் கடன் வாங்கிச் சில மணி நேரம் விட்டுவையுங்கள். பட்டன் ஸ்டார்ட் காரின் சாவியைக் கொட்டகைச் சுவரில் ஆணியில் மாட்டி வைப்பதே காரணமாக இருக்கலாம். சாவி பக்கத்தில் இருப்பதால் கார் முழுதாகத் தூங்காது.

கண்டுபிடித்த பிறகு

வயர் என்றால் சால்டர் வைத்து ஸ்லீவ் போடுங்கள், வெறும் டேப் வெயிலில் பிசின் விட்டுவிடும். ஸ்டீரியோ என்றால் சிவப்பைச் சாவி லைனுக்கு மாற்றச் சொல்லுங்கள், நின்று பாருங்கள்.

கோளாறைச் சரிசெய்யும் வரை பேட்டரியைக் காலியாகவே கிடக்க விடாதீர்கள். இறங்கிய பேட்டரியில் தகடுகள் மேல் ஈய சல்ஃபேட் படியும். நாள் போகப் போக அது இறுகி, பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் கரையாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட சிக்ரி ஆய்வகம் நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. மின்வேதியியலுக்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் உள்ள ஊரில், அளந்து பார்க்காமல் பேட்டரியைத் தூக்கிப் போடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை. 35 ஆம்பியர்-மணி பேட்டரியை மூன்று, மூன்றரை ஆம்பில் நிதானமாக ஏற்றுங்கள். பள்ளத்தூரிலிருந்து காரைக்குடிக்குப் போய்வருவதால் இறங்கிய பேட்டரி நிறையாது. மதுரைக்கோ திருச்சிக்கோ போய்வந்தால் ஓரளவு ஏறும். சார்ஜர்தான் சரியான வழி.

கோளாறு எதுவும் இல்லாமல் மாதக்கணக்கில் நிற்கப்போகிற கார் என்றால் ஊருக்குக் கிளம்பும் அன்று பேட்டரியை நிறைத்து, நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் போங்கள். அலாரம் வேலை செய்யாது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் மாதம் ஒருமுறை வண்டியை அரை மணி நேரம் நிற்கிற இடத்திலேயே ஓடவிடச் சொல்வதைவிட, மாதம் ஒருமுறை சார்ஜர் போடச் சொல்வது பேட்டரிக்கு நல்லது.

சரிசெய்த பிறகு அதே முறையில் மறுபடி அளந்து, கிடைத்த மில்லி ஆம்பையும் தேதியையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பேட்டரி மேலேயே ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து யார் வந்து பானெட்டைத் திறந்தாலும், அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேட்டரியை மாற்றலாமா என்று பேச வேண்டும்.